போருக்குப் போன இளஞ்சிவப்பு

1990 ஆகஸ்ட் 2 அன்று ஈராக் படைகள் குவைத்துக்குள் நுழைந்தன. ஒன்பதே நாளில் பிரிட்டனின் கோல்டிஷால் தளத்திலிருந்து ஜாகுவார் போர் விமானங்கள் வளைகுடாவை நோக்கிக் கிளம்பிவிட்டன. அதற்குள் அவற்றுக்கு ஓர் அவசர வேலை நடந்து முடிந்திருந்தது. ஐரோப்பாவின் காட்டுக்கும் மந்தாரத்துக்கும் ஏற்பக் கரும்பச்சையும் கருஞ்சாம்பலுமாக இருந்த உடம்பு முழுக்க, மேலும் கீழும், மூக்கிலிருந்து வால்வரை ஒரே நிறம். பின்னால் போன டொர்னாடோ தாக்குதல் விமானங்களுக்கும், 1991 ஜனவரிக் கடைசியில் போன பக்கனீர்களுக்கும் அதே நிறம்தான். மணல் நிறமாகத்தான் நினைத்து அடித்தார்கள். பார்த்தவர்கள் வாயில் வந்த பெயரோ டெசர்ட் பிங்க், பாலைவன இளஞ்சிவப்பு.

அந்த விமானங்களில் ஒன்றை 72-ல் ஒரு பங்கு அளவில் பிளாஸ்டிக்கில் ஒட்டி, அச்சு அசலாக அதே நிறத்தை அடிக்க வேண்டும் என்று ஒருவர் உட்காருகிறார். பதினாறே முக்கால் மீட்டர் நீள டொர்னாடோ 23 சென்டிமீட்டராகச் சுருங்கி மேசைமேல் நிற்கிறது. பெயின்ட் டப்பாவிலும் 'டெசர்ட் பிங்க்' என்று எழுதியிருக்கிறது. அடித்தால் வேலை முடிந்தது என்றுதான் தோன்றும். அடித்த பிறகுதான் தெரியும், எதுவும் முடியவில்லை என்று.

முதலில், ஏன் இந்த நிறம்? பாலை மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ். தூய குவார்ட்ஸுக்கு நிறமே கிடையாது. அதற்கு நிறம் கொடுப்பது ஒவ்வொரு மணல் துகளின் மேலும் படிந்திருக்கும் இரும்பு ஆக்சைடின் மெல்லிய படலம். பச்சையாகச் சொன்னால், துரு. ஹெமடைட் என்ற வகை மிகுந்தால் செம்மை தட்டும். கோத்தைட் மிகுந்தால் மஞ்சள் தட்டும். இதோடு சூரியனும் சேர்ந்துகொள்கிறது. உச்சி வெயில் கடந்து வரும் காற்றைப் போல ஏறத்தாழ 38 மடங்கு காற்றை, அடிவானத்துச் சூரியனின் ஒளி கடந்து வர வேண்டும். வழியிலேயே நீலம் சிதறிப் போய்விடும். வந்து சேர்வது சிவப்பும் ஆரஞ்சும். ஏற்கெனவே துரு பூசிய மணல்மேல் அந்த ஒளி விழுந்து, காற்றில் தூசியும் மிதந்தால், நிலம் எது வானம் எது என்று பிரியாத ஓர் இளஞ்சிவப்புக் கலங்கல் உண்டாகும். தரையை ஒட்டிப் பறக்கும் விமானம் ஒளிந்துகொள்ள வேண்டியது அந்தக் கலங்கலுக்குள்தான்.

பிரிட்டிஷாருக்கு இது புது யோசனையும் அல்ல. 1940-ல் கடற்படை அதிகாரி லூயிஸ் மவுண்ட்பேட்டன், பின்னாளில் நமக்கு வைஸ்ராயாக வந்த அதே மவுண்ட்பேட்டன், ஒரு பயணிக் கப்பலின் ஊதா கலந்த சாம்பல் உடல் அந்தி வேளையில் மற்றக் கப்பல்களுக்கு முன்பே கண்ணுக்கு மறைந்ததைக் கவனித்தாராம். உடனே தன் போர்க்கப்பல்களுக்கும் இளஞ்சிவப்புச் சாயம் அடிக்கச் சொன்னார். அதே இரண்டாம் உலகப் போரில், மேகத்துக்குக் கீழே தாழப் பறந்து படமெடுத்த வேவு ஸ்பிட்ஃபயர்கள் சிலவற்றுக்கும் வெளிர் இளஞ்சிவப்பு பூசப்பட்டது. 1960-களின் இறுதியில் எஸ்.ஏ.எஸ். அதிரடிப் படையின் பாலைவன லேண்ட்ரோவர்களுக்கும் இதே யோகம்தான். அவற்றின் செல்லப் பெயரே 'பிங்க் பேந்தர்'.

அதே வளைகுடாப் போரில் அமெரிக்கர்கள் அலட்டிக்கொள்ளவில்லை. அவர்களுடைய எஃப்-15, எஃப்-16 எல்லாம் வழக்கமான சாம்பலிலேயே போயின. ஏ-10 விமானங்கள் ஐரோப்பியக் காட்டுக்கான கரும்பச்சையிலேயே பாலைவனத்தில் சுற்றின. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. சண்டை தொடங்கியது ஜனவரி 17-ல். ஒரு வாரத்துக்குள் பிரிட்டிஷ் டொர்னாடோக்கள் தாழப் பறப்பதைக் கைவிட்டு நடு உயரத்துக்கு ஏறிவிட்டன. மணலோடு மறைவதற்காகப் பூசிய நிறம், மிச்சப் போரை நீல வானத்தில் கழித்தது.

இந்தப் பூச்சின் உண்மையான சாமர்த்தியம் நிறத்தைவிட அதன் வேதியியலில் இருக்கிறது. ராணுவத்தில் இதை ஏ.ஆர்.டி.எஃப். என்பார்கள்: காரக் கரைசலில் கழன்றுவிடும் தற்காலிகப் பூச்சு. காரம் கலந்த கரைசலைக் கொண்டு தேய்த்துக் கழுவினால் பூச்சு கரைந்து ஓடிவிடும். அடியில் நிரந்தரப் பச்சையும் சாம்பலும் பழுதில்லாமல் இருக்கும். ஒரு போர்க்காலத்துக்கு மட்டும் உடுத்திக் கழற்றும் நிறம். படைக்கு இது வசதி. மாதிரி விமானம் செய்பவருக்கு வினை. ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய அசல் சாக்கடையோடு போய்விட்டது. இன்று காணக் கிடைக்கும் விமானங்களிலும் பிற்கால மறுபூச்சு எவ்வளவு என்று கேட்டுக்கொண்டுதான் அருகே போக வேண்டும்.

சரி, புகைப்படம் இருக்கிறதே? இருக்கிறது, ஆனால் அதை அப்படியே நம்ப முடியாது. அந்தக் காலத்து 'டேலைட்' ஃபிலிம் சுமார் 5,500 கெல்வின் ஒளிக்கு, அதாவது நடுப்பகல் வெயிலுக்கு, ஏற்பத் தயாரிக்கப்பட்டது. கெல்வின் என்பது இங்கே ஒளியின் சாயத்தைச் சொல்லும் அளவு. எண் குறைந்தால் ஒளி செம்மையாகும். காலை ஏழு மணிக்கு எடுத்த படத்தில் விமானம் ஆரஞ்சாகத் தெரியும். நிழலில் எடுத்ததில் நீலம் பாயும். நம் மூளை இந்த வேறுபாட்டைத் தானாகவே கழித்துவிடும். ஃபிலிமுக்கு அந்த வித்தை தெரியாது. போதாததற்கு, ஃபிலிமில் உள்ள சாயங்களே ஆண்டுகள் போகப் போக வெளுக்கும், அதுவும் மூன்று சாயமும் ஒரே வேகத்தில் வெளுக்காது. கைதேர்ந்தவர்கள் படத்தில் முதலில் விமானத்தைப் பார்ப்பதில்லை. வெள்ளை என்று உறுதியாகத் தெரிந்த ஒரு காகிதம், ஒரு சட்டை எங்காவது இருக்கிறதா என்று தேடுவார்கள். அந்த வெள்ளையில் எவ்வளவு மஞ்சள் ஏறியிருக்கிறதோ, அதே அளவை விமானத்திலும் கழிக்கலாம்.

படத்தை விட்டுவிட்டு எண்ணைப் பிடித்துக்கொள்வது இன்னொரு வழி. மாதிரி செய்பவர்கள் உலகெங்கும் ஓதும் மந்திரம் 'எஃப்.எஸ். எண்'. ஃபெடரல் ஸ்டாண்டர்டு 595 என்ற அமெரிக்க அரசின் நிறத் தரநூல் அது, 1956-ல் வந்தது. 2017-ல் வேறு பெயரில் வேறோர் அமைப்பின் கைக்குப் போய்விட்டாலும் பழைய எண்கள்தான் இன்றும் புழக்கத்தில் உள்ளன. இதில் நிறங்களுக்குப் பெயர் கிடையாது, ஐந்து இலக்கம் மட்டும். முதல் இலக்கம் பளபளப்பு: 1 என்றால் மினுக்கம், 2 என்றால் அரை மினுக்கம், 3 என்றால் மங்கல். இரண்டாவது இலக்கம் நிறக் குடும்பம்: 0 பழுப்பு, 3 மஞ்சள், 4 பச்சை, 5 நீலம், 6 சாம்பல். கடைசி மூன்று இலக்கங்கள் பெருக, நிறம் வெளுத்துக்கொண்டே போகும். இந்தச் சாவி கையில் இருந்தால் எண்ணைக் காதால் கேட்டே நிறத்தை ஊகிக்கலாம். 33531 என்றால் மங்கலான, மஞ்சள் குடும்பத்து, வெளிர் நிறம்: மணல். 30219 என்றால் மங்கலான, சற்றே அழுத்தமான பழுப்பு.

இந்த இரண்டையும் சேர்த்துச் சொன்னதற்குக் காரணம் உண்டு. இஸ்ரேல் 1969-ல் வாங்கத் தொடங்கிய எஃப்-4 ஃபேண்டம் விமானங்களின் மேற்புறத்தில் இந்த மணலும் இந்தப் பழுப்பும், கூடவே 34227 என்ற வெளிர் பச்சையும் இருந்தன. அடிவயிற்றுக்கு வெளிர் நீலம். பாலைவன உருமறைப்புக்கு இது ஓர் இலக்கணமாகவே ஆகிவிட்டது. ஆனால் அதே 30219 பழுப்பு, வியட்நாம் காட்டின்மேல் பறந்த அமெரிக்க விமானங்களிலும் இருந்தது. அங்கே அதற்கு அக்கம்பக்கம் இரண்டு கரும்பச்சைகள். இரண்டு விமானங்களையும் ஒரே டப்பாவைக் கொண்டு அடித்துப் பக்கத்தில் வைத்தால், ஒரே பெயின்ட் என்று சத்தியம் செய்தாலும் நம்ப மாட்டார்கள். கரும்பச்சைக்கு நடுவே அது வெளிறிச் செம்மை தட்டி நிற்கும். வெளிர் மணலுக்குப் பக்கத்தில் இருண்டு சாக்லெட்டாகும். பாரிஸில் கோபெலின் திரைச்சீலை ஆலையின் சாயப்பட்டறையை மேற்பார்த்த வேதியியலாளர் மிஷேல் செவ்ரோல் இந்த விளைவை ஆராய்ந்து 1839-ல் ஒரு நூலே எழுதினார். எந்த நிறத்தையும் நம் கண் தனியே எடைபோடுவதில்லை. பக்கத்து நிறத்தோடு ஒட்டியும் வெட்டியும்தான் தீர்மானிக்கிறது. ஆகவே ஒரு நிறத்தை மட்டும் அடித்துவிட்டு 'ரொம்ப இருட்டாக இருக்கிறதே' என்று பதறக் கூடாது. மூன்றும் ஏறட்டும்.

இங்கிருந்து இன்னும் ஆழமான ஒரு தந்திரத்துக்குப் போகலாம். பட்டுச்சேலை எடுக்கப் போனால், கடை விளக்கில் பார்த்தது போதாதென்று வாசலுக்குக் கொண்டுவந்து வெயிலில் விரித்துப் பார்க்கிறோமே, அந்த எச்சரிக்கைக்குப் பின்னால் அழகான ஓர் இயற்பியல் இருக்கிறது. ஒரு பெயின்ட் எந்த அலைநீளத்தை எவ்வளவு திருப்பி அனுப்புகிறது என்று வரைந்தால், ஊதா முதல் சிவப்புவரை ஏறி இறங்கும் ஒரு நீண்ட வளைகோடு கிடைக்கும். கண்ணில் நிறம் உணரும் செல்கள் மூன்றே வகை. அவ்வளவு நீளக் கோட்டையும் கண் மூன்றே எண்களாக மடித்து மூளைக்கு அனுப்புகிறது. வெவ்வேறு கோடுகள் அதே மூன்று எண்களாக மடிந்துவிடலாம். அப்போது இரண்டு பெயின்டும் ஒன்றுபோலத் தெரியும். விளக்கை மாற்றினால் கணக்கு மாறி, குட்டு வெளிப்படும். மெட்டமெரிசம் என்று இதற்குப் பெயர். போலிப் பொருத்தம் என்று சொல்லலாம். அசலில் இரும்பு ஆக்சைடு நிறமி இருந்து, மாதிரிக்கான பெயின்டில் வேறு செயற்கைச் சாயம் இருந்தால், ஜன்னலோரத்தில் இரட்டைப் பிள்ளைகளாக இருந்தவை குண்டு பல்பின் கீழே பிரிந்துவிடும். காட்சி அலமாரியில் எந்த விளக்கு எரியப் போகிறதோ அதன் கீழே உட்கார்ந்து நிறம் கலக்க வேண்டும் என்று அனுபவசாலிகள் சொல்வது இதனால்தான்.

இந்தப் போலியைப் பிடிக்கக் கருவி உண்டு. நிறமாலை ஒளிமானி என்று சொல்லப்படும் ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர், மடிப்பதற்கு முந்தைய அந்த முழு வளைகோட்டையே அளந்துவிடும். விரல்நகம் அளவு அசல் பெயின்ட் சில்லு கிடைத்தால் போதும். அந்த அளவை 1976-ல் வகுக்கப்பட்ட ஒரு நிற வரைபடத்தில் மூன்று ஆயங்களாகக் குறிக்கலாம்: வெளிச்சம், பச்சை-சிவப்பு, நீலம்-மஞ்சள். இரண்டு நிறங்களுக்கு இடையிலான தூரம் அதில் ஏறத்தாழ 1 என்றால், கூர்ந்த கண்ணுக்கும் வித்தியாசம் தெரிவது கஷ்டம். ஆனால் ஒன்று: அந்தச் சில்லுக்கும் வயதாகியிருக்கிறது. கருவி சொல்வது இன்றைய நிறத்தை. 1991-ன் நிறத்தை அது சொல்லாது.

இனி மேசைக்கு வருவோம். நிறம் கலப்பவருக்கு முன்னால் வரிசையாக வெள்ளைப் பிளாஸ்டிக் ஸ்பூன்கள். ஸ்பூனின் குவிந்த பின்புறம் விமானத்தின் வளைவு உடலுக்கு நல்ல பதிலி. ஒளி அதன்மேல் வழுக்கும் விதம் அப்படியே இருக்கும். வெள்ளைதான் பெரும்பங்கு. அதில் மஞ்சள் காவி, ஒரு துளி செங்காவி. குச்சியால் கலக்கும்போது பாலில் குங்குமப்பூ விட்டது போன்ற கோடுகள் சுழன்று மறைகின்றன. நிறம் சற்று வெளிறலாக வேண்டும் என்று இன்னும் வெள்ளையைச் சேர்த்தால் முதல் அதிர்ச்சி: வெளுப்பதோடு குளிர்ந்தும் விடுகிறது, சுண்ணாம்பு பூத்தது மாதிரி. அதனால் தூய வெள்ளைக்குப் பதில் பால்மஞ்சளை விடுவார்கள். இருட்டாக்கக் கறுப்பை விட்டால் இரண்டாவது அதிர்ச்சி: மணல் பச்சையாகிவிடும்! பச்சைச் சாயம் ஒரு துளிகூட இல்லை. இருண்ட மஞ்சளை நம் கண் மஞ்சளாக ஏற்பதே இல்லை, ஆலிவ் பச்சையாகத்தான் காண்கிறது. ஆகவே கறுப்பை ஒதுக்கிவிட்டு மண்பழுப்பைத் தொடுவதுதான் விவரம் தெரிந்தவர் வேலை.

அக்ரிலிக் பெயின்ட் என்றால் இன்னொரு கண்ணாமூச்சியும் உண்டு. ஈரமாக இருக்கும்போது அதில் பிசின் நுண்துளிகள் தண்ணீரில் மிதக்கின்றன; அவை ஒளியைச் சிதறடிப்பதால் கலவை பால்போல வெளுத்துத் தெரியும். காய்ந்ததும் துளிகள் ஒன்றோடொன்று ஒட்டித் தெளிவான படலமாகிவிடும், பால் தன்மை போய் நிறம் ஒரு படி இருளும். ஈரத்தில் சரியாக இருந்தால், காய்ந்ததும் தப்பாகப் போகிறது என்று அர்த்தம்.

இதற்கெல்லாம் பிறகும் மாதிரி செய்பவர்களிடையே ஓயாத ஒரு வழக்கு உண்டு: அளவு விளைவு. அசல் பெயின்டையே கொண்டுவந்து மாதிரிமேல் அடித்தாலும் மிகவும் இருண்டு தெரியும் என்கிறார்கள். அதனால் 72-ல் ஒன்று என்ற அளவுக்கு 15 சதவீதமும், 48-ல் ஒன்றுக்கு 10 சதவீதமும் வெள்ளை சேர்க்கச் சொல்லும் வாய்ப்பாடும் உண்டு. அவர்கள் தரும் விளக்கம் காற்று. 30 சென்டிமீட்டர் தள்ளிவைத்துப் பார்க்கும் 72-ல் ஒன்று மாதிரி, 21.6 மீட்டர் தொலைவில் நிற்கும் அசலுக்குச் சமம். தொலைவில் உள்ள மலை வெளுத்துத் தெரிவது போல விமானமும் வெளுக்க வேண்டுமாம். கணக்குப் போட்டுப் பார்த்தால் இந்த வாதம் நிற்காது. 20 கிலோமீட்டர்வரை கண் தெரியும் நாளில், 21.6 மீட்டர் காற்று கரைக்கும் நிற வேறுபாடு அரை சதவீதம்கூட இல்லை. ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் எதுவுமே தெரியாத தூசி நாளிலும் 8 சதவீதம்தான்.

ஆனால் அவர்கள் கண் பொய் சொல்லவில்லை. காரணம்தான் வேறு என்பது என் கட்சி. பாலைவன நடுப்பகலில் தரைமேல் விழும் வெளிச்சம் சுமார் 1,00,000 லக்ஸ். நல்ல விளக்குள்ள அறையில் 500 லக்ஸ் இருந்தாலே அதிகம். இருநூறில் ஒரு பங்கு! வெளிச்சம் குறையக் குறைய அதே நிறம் செழிப்பு இழந்து சோர்ந்து தெரியும். இதை ஆர்.டபிள்யூ.ஜி. ஹண்ட் என்ற நிற அறிவியலாளர் 1952-ல் ஆய்ந்து எழுதினார். அவர் பெயராலேயே ஹண்ட் விளைவு என்கிறோம். சூரியனை அறைக்குள் கொண்டுவர முடியாது. அந்த வெளிச்சக் குறையைத்தான் வெள்ளைத் துளிகள் ஓரளவு ஈடுகட்டுகின்றன. அப்படியானால் 15 சதவீதம் என்ற நிலையான வாய்ப்பாட்டுக்கும் அர்த்தமில்லை. அறைக்கு அறை அது மாறும்.

சுருக்கவே முடியாத இன்னொன்றும் இருக்கிறது. விமானத்தின் பெயின்ட் படலம் சுமார் பத்தில் ஒரு மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 72-ல் ஒன்று அளவில் அது ஒன்றரை மைக்ரான்கூட வராது. வெள்ளைப் பெயின்டில் இருக்கும் டைட்டானியம் டையாக்சைடு துகளே கால் மைக்ரான். ஐந்தாறு துகளை அடுக்கினால் படலம் முடிந்துவிடும். அத்தனை மெலிதாக எதையும் மறைக்க முடியாது. அந்தத் துகளையாவது சின்னதாக்கலாமே என்றால் அதுவும் ஆகாது. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளத்தில் ஏறத்தாழ பாதி அளவில் இருந்தால்தான் அது ஒளியை நன்றாகச் சிதறடிக்கும். விமானம் சுருங்கலாம், ஒளி அலை சுருங்காது. அதனால் ஏர்பிரஷ்காரர் எவ்வளவு மெலிதாக அடித்தாலும் அசலைவிடப் பலமடங்கு தடித்த சட்டையைத்தான் மாதிரிக்குப் போடுகிறார்.

நிறம் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். எந்த நாளின் நிறம்? தற்காலிகப் பூச்சு சீக்கிரம் தேயும். இறக்கைமேல் நடந்த பூட்ஸ், கசிந்த எண்ணெய், தினமும் திறந்து மூடிய மூடிகளின் விளிம்பு என எங்கெல்லாம் கை கால் பட்டதோ அங்கெல்லாம் அடியில் இருந்த கரும்பச்சை எட்டிப் பார்க்கும். டொர்னாடோவின் இறக்கை 25 பாகையிலிருந்து 67 பாகைவரை பின்னால் மடியக்கூடியது. மடியும்போது அதன் வேர்ப்பகுதி உடலுக்குள் நுழைந்து உரசும், அங்கே தனி அழுக்குத் தடம். தரையிறங்கும்போது வேகம் குறைக்க, புகைபோக்கிக்குப் பின்னால் இரண்டு தகடுகள் விழுந்து அனல்காற்றை முன்பக்கம் திருப்பும். அந்தக் கரி நேராகப் போய்ப் படிவது வாலில். இளஞ்சிவப்பு உடலும் கரிபூசிய வாலுமாக இருந்தால் அது நிஜமாகவே போர் பார்த்த டொர்னாடோ.

இவ்வளவையும் தேதி போட்டுச் சொல்ல ஒரு வழி இருப்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. பறந்துவந்த ஒவ்வொரு தாக்குதலுக்கும் விமானி அறைக்குக் கீழே ஒரு குட்டி வெடிகுண்டுப் படம் வரைந்தார்கள். ஸ்காட்லாந்தின் லாஸிமவுத்திலிருந்து போன பக்கனீர்களுக்கு இதோடு அந்த ஊர்ப்பக்கத்து விஸ்கிகளின் பெயரும் சூட்டப்பட்டது, குசும்புக்குக் குறைவில்லை. நமக்கு வேண்டியது குண்டுகளின் எண்ணிக்கை. ஒரே விமானத்தின் இரண்டு படங்களில் குண்டுகளை எண்ணினால் எது முந்தியது, எது பிந்தியது என்று தெரிந்துவிடும். இரண்டுக்கும் இடையே பூச்சு எவ்வளவு தேய்ந்தது என்றும் தெரியும். மாதிரிமேல் ஐந்து குண்டு ஒட்டிவிட்டு இருபது குண்டுக்கான அழுக்கை ஏற்றினால், விவரம் தெரிந்தவர் கண்டுபிடித்துவிடுவார்.

அந்தக் குண்டுகளும் வட்டச் சின்னங்களும் டீக்கால் என்ற நீரொட்டுப் படங்கள். மங்கலான பரப்பில் ஒட்டினால் மேடுபள்ளத்தில் காற்று சிக்கி வெள்ளி பூக்கும். அதனால் முதலில் முழு விமானத்துக்கும் பளபளப்பு வார்னிஷ். அடித்த அடுத்த நொடி, பாடுபட்டுக் கலந்த நிறம் திடீரென்று இருண்டு அடர்ந்துவிடும்: பரப்பு வழவழப்பானதும், அதுவரை எல்லாத் திசையிலும் சிதறி நிறத்தை வெளுக்கவைத்த ஒளி ஒரே திசையில் தெறித்துப் போய்விடுகிறது. கடைசியில் மங்கல் வார்னிஷ் ஏறும்போது வெளுப்பு திரும்பி வரும், ஆனால் பழைய இடத்துக்கே வராது. வார்னிஷின் பதத்தைப் பொறுத்து ஒரு படி முன்னே பின்னே நிற்கும். ஆகவே நிறம் பார்க்கும் ஸ்பூனுக்கும் பெயின்ட், பளபளப்பு, மங்கல் என்று மூன்று கோட்டும் அடித்து, ஒரு ராத்திரி காயவிட்டு, அலமாரி விளக்கின் கீழே வைத்துப் பார்த்த பிறகுதான் ஏர்பிரஷை விமானத்தின் பக்கம் திருப்ப வேண்டும்.